கலப்பு வண்டியும் வேக ஆசையும்

மோட்டார் வண்டியின் வரலாற்றிலே வேகத்தின் பெருமையை முதலில் நிலைநாட்டியது பெற்றோல் அன்று, மின்சாரமே. 1899ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29ஆம் திகதி, பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள அஷேர் என்னுமிடத்தில், பெல்ஜிய நாட்டவரான கமீல் ஜெனற்சி சுருட்டு வடிவான மின்வண்டியொன்றைச் செலுத்தி, மணிக்கு 105.88 கிலோமீற்றர் வேகத்தை எட்டினார். வீதி வண்டியொன்று மணிக்கு 100 கிலோமீற்றரைக் கடந்தது அதுவே முதற்றடவை. ‘ஒருபோதும் திருப்தியடையாதவள்’ என்பது அவ்வண்டிக்கு இடப்பட்ட பிரெஞ்சுப் பெயரின் பொருள்.

மின்மோட்டாருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பெற்றோல் இயந்திரம் விரைந்து சுழலத் தொடங்கிய பின்னரே தன் முழு முறுக்குவிசையையும் தரும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே அதனைத் தந்துவிடும். ஆயின், அதற்கு உணவூட்டிய ஈய மின்கலங்கள் பெரும் பாரமாயிருந்தன. விரைவில் வெறுமையும் அடைந்தன. இக்குறையை நீக்க முயன்றவர்களுள் ஒருவர் பேர்டினண்ட் போர்ஷே. வியன்னா நகரிலே லோனர் என்னும் கோச்சு வண்டி நிறுவனத்திற் பணியாற்றிய அவ்விளைஞர், 1900ஆம் ஆண்டில் ‘என்றும் உயிருள்ளது’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால் ஒரு வண்டியை அமைத்தார். அதிலிருந்த பெற்றோல் இயந்திரங்கள் சக்கரத்தை நேரே சுழற்றவில்லை; மின்சாரத்தைப் பிறப்பித்தன. சக்கரங்களின் குடத்தினுள்ளே வைக்கப்பட்ட மோட்டார்கள் அம்மின்சாரத்தால் இயங்கின. இன்று ‘ஹைபிரிட்’ எனப்படும் கலப்பு வண்டியின் முன்னோடி இதுவே. இதன் நிறை ஏறக்குறைய 1,200 கிலோகிராம். செல்லக்கூடிய தூரம் சுமார் 200 கிலோமீற்றர். உச்ச வேகமோ மணிக்கு 35 கிலோமீற்றர் மாத்திரமே. தூரம் கைகூடியது, வேகம் கைநழுவியது. ஒன்றைப் பெற மற்றொன்றை ஈடாகக் கொடுத்தல் கலப்பு வண்டியின் பிறப்போடு வந்த நியதியாயிற்று.

பின்னர் பெற்றோல் மலிந்தது. அதன் இயந்திரமும் செம்மையடைந்தது. கலப்பு வண்டி பல்லாண்டுகள் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. 1997ஆம் ஆண்டு யப்பானிலே டொயோட்டா நிறுவனம் ‘பிரியஸ்’ வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தபோது அது மீண்டும் உயிர் பெற்றது. தடுப்பை அழுத்தும்போது வெப்பமாய் வீணாகும் சக்தியின் ஒரு பகுதியை மின்சாரமாக்கிச் சேமித்து, மறுபடி வண்டியை உந்தப் பயன்படுத்துதல் அதன் உத்தி. இதனாற் கலப்பு வண்டியென்றாற் சிக்கனம் என்னும் எண்ணம் மக்கள் மனத்திலே வேரூன்றியது.

சிக்கனத்துக்கு உதவிய அதே உத்தியை வேகத்துக்கும் பயன்படுத்தலாமன்றோ? 2009ஆம் ஆண்டு போர்முலா வண் பந்தயங்களில் அது சோதிக்கப்பட்டது. சேமித்த சக்தியைக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஆறரை வினாடி நேரத்துக்கு 80 பரிவலுவை மேலதிகமாகப் பெறலாம் என்பது விதி. அவ்வாண்டு ஹங்கேரியப் பந்தயத்தில் லூயிஸ் ஹமில்ரன் இச்சாதனம் பொருத்திய மக்லாரன் வண்டியில் வென்றார். எனினும் ஆண்டின் மகுடத்தைச் சூடியது இச்சாதனத்தைப் பொருத்தாத பிரோன் அணியே. சாதனம் தந்த வலுவினும், அதன் பாரத்தால் வண்டியின் சமநிலைக்கு நேர்ந்த இடையூறு பெரிதெனப் பல அணிகள் கருதின. 2012ஆம் ஆண்டில், பிரான்சின் லெ மான் நகரத்து 24 மணித்தியாலப் பந்தயத்திலே அவுடி நிறுவனத்தின் கலப்பு வண்டி முதலாவதாக வந்த பின்னர்தான் ஐயம் பெரிதும் நீங்கியது.

இத்தகைய எதிர்பார்ப்பு விற்பனைச் சந்தையிலும் இருந்தது. 2010ஆம் ஆண்டு ஹொண்டா நிறுவனம் ‘சீஆர்-இசெட்’ என்னும் சிறு ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. யப்பானில் அவ்வாண்டின் சிறந்த காருக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. ஆயினும், 1980களில் இலேசான உடலாலும் துடிப்பான ஓட்டத்தாலும் பெயர்பெற்ற தன் முன்னோடியை அது விஞ்சும் என நம்பியவர்கள் ஏமாற்றமுற்றனர். அதன் 1.5 லீற்றர் இயந்திரத்துக்குத் துணைநின்ற மின்மோட்டாரின் வலு ஏறக்குறைய 14 பரிவலுவே. வேகத்தை விரும்பியோர் வேறு வண்டியை நாடினர். சிக்கனத்தை விரும்பியோர் நான்கு பேர் தாராளமாக அமரக்கூடிய பிரியஸை நாடினர். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்னும் முதுமொழிக்கு அவ்வண்டி இலக்காயிற்று. அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே அதன் உற்பத்தியும் நின்றது.

இதற்கு நேர்மாறானது, 2013ஆம் ஆண்டில் வெளிவந்த போர்ஷே 918 ஸ்பைடர். 4.6 லீற்றர் இயந்திரமும் இரு மின்மோட்டார்களும் சேர்ந்து 887 பரிவலுவைத் தந்தன. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நெடுஞ்சுற்றில் 20.6 கிலோமீற்றர் தூரத்தை அவ்வாண்டு 6 நிமிடம் 57 வினாடியில் அது ஓடி முடித்தது. 1,600 கிலோகிராமுக்கு மேற்பட்ட அதன் பாரத்தைப் பேராற்றல் மறைத்தது. அதேவேளை, 100 கிலோமீற்றருக்குச் சுமார் 3 லீற்றர் பெற்றோலே செலவாகும் எனச் சோதனைக் கணக்கு கூறிற்று. ஆனால், நிரம்பிய மின்கலத்துடன் ஓடும் ஓட்டத்துக்கும் இடங்கொடுத்து வகுக்கப்பட்ட கணக்கு அது. மின்கலம் வெறுமையானதும் பேரியந்திரத்தின் பசி வெளிப்படும். எட்டு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட விலையில் 918 வண்டிகளே செய்யப்பட்டன. கூழையும் மீசையையும் ஒருங்கே பெற இத்துணைப் பொருள் வேண்டியிருந்தது.

ஆகவே, கலப்பு வண்டியெனும் பெயர் ஒன்றே வேகத்துக்கு உறுதியாகாது, சிக்கனத்துக்கும் உறுதியாகாது. மின்மோட்டார் ஈட்டித் தருவது, அதுவும் அதன் மின்கலமும் சேர்க்கும் பாரத்தினும் மிகுதியோ என்பதே அளவுகோல். 1900ஆம் ஆண்டில் வியன்னாவிலே போர்ஷே கண்ட கணக்கும் அதுவே. மின்கலம் இலேசாக இலேசாகக் கணக்கின் விடை மாறலாம். வண்டி எதற்காக அமைக்கப்பட்டது என்னும் வினாவோ, வாங்குவோன் முதலிற் கேட்கவேண்டிய வினாவாகவே நிற்கும்.