கடலுள் நிற்குங் கோயில்

ஜப்பான் தேயத்து ஹிரோஷிமா நகர்க்குத் தென்மேற்கே, உள்நாட்டுக் கடலின்கண் இட்சுகுஷிமா என்னுந் தீவொன்று உளது. கோயிற்றீவு எனப் பொருள்படும் மியாஜிமா என்ற பெயரே பெருவழக்கு. ஆண்டுள்ள ஷிந்தோ ஆலயம் மலைமேலுமன்று, மேட்டுநிலத்துமன்று. அலைவந்து உலாவுங் கடற்றுறையிலே தூண்கள்மீது எடுக்கப்பட்டது. என்னையெனின், தீவு முழுதுமே தெய்வத் திருமேனியாகலின் அதன் மண்ணை அகழ்தலும் மரத்தை வெட்டுதலும் பிழையென முன்னோர் அஞ்சினர் என்ப.

கோயில் தோன்றியது கி.பி. 593 என்பது வழிவழிச் செய்தி. இன்று காணும் பரந்த அமைப்பினை 1168 அளவில் வகுத்தவன் தைரா குலத் தலைவனாகிய கியோமோரி. கடல் வாணிகத்தாற் செல்வம் பெருக்கிய அவன், கடல்காக்கும் பெண்தெய்வங்கள் மூவர்க்கும் இதனைப் பெருங்கோயிலாக்கினான். அவன் 1181-இல் மாய்ந்தான். 1185-இல் அவன் குலமும் கடற்போரிலேயே அழிந்தது. கோயிலோ தீயுண்டும் மீள எழுந்து அவன் வகுத்தபடியே நிற்கின்றது. நடைமண்டபப் பலகைகளினிடையே இடைவெளி விட்டிருத்தலால், பொங்கும் நீர் அவ்வழி மேலெழுந்து வேகந் தணிகின்றது. கடலில் நிற்கும் இப்போதைய பெருவாயில் 1875-இல் அமைந்தது. ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுடைய அது கடலடியில் ஆழப் புதைக்கப்படாமல் தன் எடையாலேயே நிலைபெற்றுள்ளது. மேலுத்தரத்தினுள்ளும் கற்கள் இட்டு நிரப்பியுள்ளனர்.

தூய்மை பேணுதல் இத்தீவில் மிகக் கடுமையாயிருந்தது. மகப்பேறணுகிய மகளிர் எதிர்க்கரைக்குச் சென்றனர். இறந்தோரையும் அக்கரையிலேயே அடக்கினர். இன்றும் தீவில் இடுகாடில்லை. 1555-இல் இங்கே போர்செய்து வென்ற மோரி மொதோநாரி, பிணங்களை அக்கரைக்கு அகற்றிக் குருதி படிந்த மண்ணையும் நீக்குவித்தான் என்பர். தூய்மையில் இத்துணைக் கருத்துடையான் போர்க்களமாக இவ்விடத்தையே தேர்ந்தது வியப்பே.

இனி, நம்மவர் அறியற்பாலது ஒன்றுண்டு. நம் நாட்டுக் கலைமகள், பௌத்தருடன் சீனத்தின் வழியே ஜப்பான் புக்கு, யாழேந்திய பென்சைட்டென் ஆயினாள். இத்தீவின் தெய்வங்களுள் ஒருத்தியாகிய இச்சிகிஷிமாஹிமேயும் அவளும் ஒருத்தியே எனக்கொண்டு மக்கள் பன்னூறாண்டு வழிபட்டனர். 1868-இல் புதிய அரசு, ஷிந்தோவையும் பௌத்தத்தையும் வேறுபிரிக்குமாறு ஆணையிட்டது. அதனாற் பென்சைட்டென் திருவுருவம் ஆலயத்தினின்று பெயர்க்கப்பட்டு, அருகிலுள்ள டைகான்ஜி என்னும் பௌத்தக் கோயிலை அடைந்தது. முன்னாளில் ஆலயத் திருப்பணிகளையெல்லாம் ஏற்று நடத்தியது அந்த டைகான்ஜியே! மண்ணை அகழவும் அஞ்சியோர் வாழ்ந்த தீவில், தெய்வ உருவைப் பெயர்க்க ஆணையிட்டோர் அஞ்சினாரல்லர்.

எனினும் பென்சைட்டெனுக்குரிய மூன்று பெருந்தலங்களுள் ஒன்றாக இத்தீவினையும் அந்நாட்டார் இன்றும் எண்ணுகின்றனர். மறைத்துவைக்கப்பெற்ற அத்திருவுருவம், ஆண்டுக்கொருமுறை ஜூன் 17-ஆம் நாள், டைகான்ஜியில் வழிபடுவோர்க்குத் திறந்து காட்டப்படுகின்றது.