வாளோசை ஏறிய பாட்டு

நஷீத் என்றால் அரபியில் பாட்டு. இறைவனையும் நபியையும் போற்றிப் பாடுவது அதன் பிறவிக் குணம். இசைக்கருவிகள் கூடாது என்று கருதும் அறிஞர்கள் பலர் இருந்ததால், வெறும் குரலாகவே அது பெரும்பாலும் வளர்ந்தது.

1970களில் சிரியாவிலும் எகிப்திலும் அரசை எதிர்த்த இஸ்லாமிய இயக்கங்களின் இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். புகழ்ச்சிப் பாட்டில் அரசியல் புகுந்தது. மேடையும் வானொலியும் கிடைக்காத பாட்டை கேசட் ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1980களில் சோவியத் படைக்கு எதிரான ஆப்கான் போர் முகாம்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. கடும்போக்கு சலஃபி அறிஞர்களிலேயே சிலர், இது மார்க்கத்தில் இல்லாத புதுமை என்று கண்டித்தார்கள். போராளிகள் கேட்கவில்லை.

பின்னாளில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) அமைப்பு 2013இல் 'அஜ்னாத்' என்று நஷீத்துக்கென்றே ஒரு தயாரிப்புப் பிரிவைத் தொடங்கியது. மறு ஆண்டு வந்த 'சலீல் அஸ்ஸவாரிம்' பாட்டைக் கவனியுங்கள். தலைப்புக்கு 'வாள்களின் ஓசை' என்று பொருள். 'சலீல்' என்ற சொல்லே இரும்பு மோதும் சத்தத்தைப் போலச் செய்த சொல். மேளமில்லை, தந்தியில்லை. பதிவுக்கூடத்தில் குரல்மேல் குரல் அடுக்கி, எக்கோ சேர்த்து, நாலைந்து பேரைப் பெருங்கூட்டமாகக் காட்டிவிடலாம். வேறு சில பாடல்களில் உருவிய வாளின் ஓசை, பூட்ஸ் மிதிக்கும் ஓசை, துப்பாக்கிச் சத்தம் எல்லாம் தாளமாகின்றன. கருவி விலக்கு, துப்பாக்கி விலக்கில்லை! அரபி புரியாத இளைஞனையும் அந்த மெட்டு இழுத்துக்கொள்ளும். நான் அஞ்சுவது இந்த இடத்தைத்தான்.

ஆய்வாளர்கள் தாமதமாகத்தான் காது கொடுத்தார்கள். அறிக்கைகளையும் வெடிகுண்டுகளையும் ஆராய்ந்தவர்களுக்குப் பாட்டு அற்பமாகப் பட்டது. ஜெர்மனியின் பெஹ்னாம் சயீத் 2012இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். நார்வேயின் தாமஸ் ஹெக்ஹாமர் 2017இல் பதிப்பித்த ஜிஹாதிப் பண்பாடு பற்றிய நூலில் நஷீத்துக்குத் தனி இடம் உண்டு. போராளிகள் ஓய்வுநேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பது அவர் கேள்வி. பாடுகிறார்கள், கவிதை சொல்கிறார்கள், அழுகிறார்கள். ஆளைச் சேர்ப்பதிலும் சேர்ந்தவனைப் பிடித்துவைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு என்று அவர் கருதுகிறார். அது சரியென்றே எனக்கும் படுகிறது.

எகிப்தில் சிலர் ஆய்வுக்குக் காத்திருக்கவில்லை. 2015 வாக்கில் அதே 'சலீல்' பாட்டுக்கு மேளமும் கீபோர்டும் சேர்த்து, பழைய சினிமா நடனக் காட்சிகளோடு ஒட்டி இணையத்தில் விட்டார்கள். விலக்கப்பட்ட கருவிகளே அந்தப் பாட்டின் மிரட்டலைக் கரைத்தன.

நஷீத் என்ற சொல்லைக் கேட்டதும் யாரையும் சந்தேகப்பட்டுவிடாதீர்கள். பெருநாள் அன்று பிள்ளைகள் பாடுவதும் நஷீத்தான்.