வாரம் பெர்சி: ஒரு சிற்றூர் கைவிடப்பட்டதன் காரணம்

இங்கிலாந்தின் யார்க்சயர் வோல்ட்ஸ் பகுதியில், சுண்ணப்பாறைக் குன்றுகளுக்கிடையே ஊற்றுநீர் ஓடும் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்திருந்த சிற்றூர் வாரம் பெர்சி. 1348-49ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயே இத்தகைய ஊர்களை அழித்தது என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். மாரிஸ் பெரஸ்போர்டு, ஜான் ஹர்ஸ்ட் ஆகியோர் முன்னின்று 1950 முதல் 1990 வரை நிகழ்த்திய அகழாய்வு இவ்வூரைப் பொறுத்தவரை அக்கருத்தை மறுக்கிறது. நோய்க்குப் பின்னரும் இங்கு மக்கள் வாழ்ந்தனர். கம்பளி மிகுந்த ஆதாயம் தந்தமையால் உழுநிலம் ஆட்டு மேய்ச்சல் நிலமாக்கப்பட்டது. 1500ஐ ஒட்டி எஞ்சிய குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. அண்டை ஊராரும் வழிபட்டுவந்தமையால் புனித மார்ட்டின் தேவாலயம் மட்டும் நிலைத்தது. இன்று அதுவும் கூரையற்ற இடிபாடே. வீட்டுமனைகள் புல்மேடுகளாகத் தெரிகின்றன. ஆகவே, இவ்வூரின் அழிவை நோயின் வரலாறாக அன்றி, நிலவுடைமையின் வரலாறாகக் கொள்வதே பொருந்தும்.