டைக் துரையின் பூங்கா

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து தெற்கே சில கல் தொலைவு சென்றால், சுண்டிக்குளியில் கண்டி வீதியோரமாகப் பழைய பூங்காவைக் காணலாம். ஓங்கிய மரங்களின் நடுவே கூரையிழந்த சுவர்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் வடமாகாணத்து அரசாங்க அதிபர்கள் வாழ்ந்த மாளிகையின் எச்சம் அது.

பேர்சிவல் அக்லன்ட் டைக் என்னும் ஆங்கிலேயர் 1829இல் யாழ்ப்பாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1833இல் இலங்கை ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. வடமாகாணத்தின் அதிபராய் விளங்கிய டைக், 1867இல் மறையும்வரை தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இம்மண்ணிலேயே கழித்தார். தமக்கென அமைத்த மாளிகையையும் பூங்காவையும், தமக்குப் பின் வரும் அதிபர்களின் உறைவிடமாக அவர் விட்டுச் சென்றார்.

விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கிலச் செல்வர்கள், வீட்டைச் சூழப் புல்வெளியும் நிழல்மரமும் அமைவதையே பெருமையாகக் கருதினர். அவர்தம் நாட்டில் மழையே அதனை வளர்த்துவிடும். யாழ்ப்பாணமோ வற்றாத ஆறில்லாத சுண்ணக்கல் நாடு. துலா மிதித்து நீர் இறைத்தே பயிர் வளர்த்த நாடு. இங்கே ஒரு சோலை நிலைபெற்றதாயின், அது துரையின் விருப்பத்தால் மட்டும் ஆனதன்று. வரலாற்றில் பெயர் பொறிக்கப்படாத உழைப்பாளரின் கைகளாலும் ஆனதே.

இத்தகைய இல்லங்கள் சில பிற்காலத்தில் விடுதிகளாக மாறின. தேசாதிபதி மெயிற்லண்டின் கல்கிசை மாளிகையும், தேசாதிபதி பார்ன்ஸின் நுவரெலியா இல்லமும் இன்று பெயர்பெற்ற ஓட்டல்கள். விருந்தினர் தரும் பணம் அவற்றின் சுவரையும் தோட்டத்தையும் காத்தது. சுண்டிக்குளி மாளிகைக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. உள்நாட்டுப் போர் அதனையும் அருகிருந்த கச்சேரியையும் சிதைத்தது. 2009இல் போர் முடிந்தபோது எஞ்சியவை சுவர்களும் மரங்களுமே.

ஆயினும் ஓட்டலின் தோட்டம் பணங்கொடுப்பார்க்கே உரியது. பழைய பூங்காவின் நிழலிலோ இன்று ஊர்ப்பிள்ளைகள் விளையாடுகின்றனர். ஒருவர் உலாவிய இடம் பலர்க்குப் பொதுவாயிற்று. இடிந்த சுவரை மீண்டும் எழுப்பலாம். புதுக் கட்டடங்களுக்கு வேறு நிலமும் தேடலாம். முதிர்ந்த மரத்தை வெட்டிவிட்டால், அந்நிழலை மீண்டும் பெற இரண்டு தலைமுறை காத்திருக்க வேண்டும். பழைய பூங்காவைக் காப்பது டைக் துரைக்குச் செய்யும் மரியாதையன்று. இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் கடமையாகும்.