பதினெட்டு வயதில் கைமாறும் பதிவேடு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் ஒவ்வொரு மாணவன் பெயரிலும் ஒரு கோப்பு வளர்ந்து வந்தது. மதிப்பெண்ணும் வருகைக் கணக்கும் மட்டுமன்றி, புத்திக்கூர்மைச் சோதனையின் முடிவு, பையனின் சுபாவத்தைப் பற்றி ஆசிரியர் போகிற போக்கில் எழுதிவைத்த அபிப்பிராயம், அவன் குடும்ப நிலைமை குறித்த ஊகம் ஆகிய யாவும் வருஷந்தோறும் அதில் சேர்ந்துகொண்டே போயின. போலீஸாருக்கும் வேலைக்கு ஆள் எடுப்போருக்கும் பல ஊர்களில் எளிதாகத் திறந்த அக்கோப்பு, பெற்றவர் கேட்டால் மாத்திரம் பரம ரகசியமாகிவிடும். நியூயார்க் மாநிலத்தில், மகனுக்கு மனநல சிகிச்சை தேவை என்று பள்ளிக்கூடத்தாரே சொல்லக் கேட்டு அவனுடைய பதிவுகளைப் பார்க்க விரும்பிய ஒரு தந்தைக்கு அனுமதி மறுக்கப்பட, அவர் நியாயஸ்தலத்தின் படியேறித்தான் 1961-இல் அந்த உரிமையைப் பெற்றார்.

ரஸல் ஸேஜ் ஸ்தாபனம் 1970-இல் இப்பதிவேடுகளுக்கென நெறிமுறைகளை வெளியிட்டதென்றாலும், பொதுஜனங்களைத் தட்டியெழுப்பியது 1974 மார்ச்சில் 'பரேடு' என்னும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் டயான் டிவோக்கி எழுதிய கட்டுரைதான். கன்சர்வேடிவ் கட்சியின் செனட்டர் ஜேம்ஸ் பக்லி, கமிட்டி விசாரணை எதுவுமின்றி, பிள்ளையின் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையைப் பெற்றோருக்கு அளிக்கும் சட்டத்தை ஒரு பெரிய கல்வி மசோதாவுக்குத் திருத்தமாகச் சபையில் நேரே கொண்டுவந்தார். ஜனாதிபதி நிக்ஸன் பதவி துறந்த பன்னிரண்டாம் நாள், ஆகஸ்ட் 21-இல், புதிய ஜனாதிபதி ஃபோர்டு அதில் கையெழுத்திட்டார். ரகசியக் கோப்புகள் என்றாலே ஜனங்கள் முகஞ்சுளித்த காலம் அது.

பெற்றோரின் பாத்தியதையை நிலைநாட்டவே பிறந்த அச்சட்டம், மகனோ மகளோ 18 வயதை எட்டியதும், அல்லது அதற்கு முன்னரே கல்லூரியில் சேர்ந்ததும், அந்த உரிமை முழுவதையும் பெற்றோரின் கையிலிருந்து எடுத்துப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டது. கோப்பைப் பார்வையிடவும், பிழையைத் திருத்தக் கோரவும், அந்நியருக்குக் காட்டச் சம்மதிக்கவும் அதுமுதல் அவனே அதிகாரி. 18 வயதினருக்கு வோட்டுரிமை வந்து மூன்றே வருஷங்கள் ஆகியிருந்தன. சட்டம் முழுவதிலும் துணிச்சலான ஷரத்து இதுவே என்பது என் எண்ணம். ஆனால் அன்று எழுந்த கூச்சல் வேறொன்றைப் பற்றியது.

பல்கலைக்கழகத்தார் பதறினார்கள். ரகசியமாக இருக்கும் என்று நம்பிப் பேராசிரியர்கள் எழுதிய சிபாரிசுக் கடிதங்களை இனி மாணவனே புரட்டிப் பார்ப்பானே! உதவித்தொகைக்காகத் தந்தை சமர்ப்பித்த சொத்து விவரமும் மகன் கண்ணில் படுமே! நவம்பரில் அமலுக்கு வந்த சட்டம் டிசம்பர் முடிவதற்குள்ளேயே திருத்தப்பட்டு, 1975 ஜனவரி 1-க்கு முந்தைய ரகசியக் கடிதங்களும் பெற்றோரின் பணவிவரங்களும் மாணவனின் பார்வையிலிருந்து விலக்கப்பட்டன.

பெற்றோருக்கும் ஒரு பின்வாசல் விடப்பட்டது. வருமானவரிச் சட்டப்படி பிள்ளை தம்மைச் சார்ந்திருப்பவன் என்றால், அவன் சம்மதம் இல்லாமலே கல்லூரி அவனுடைய மதிப்பெண்களை அவர்களுக்குக் காட்டலாம். காட்டியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், வரிப்பத்திரத்தின் நகலோடு வரும் தகப்பனாரைக்கூட, பிள்ளையின் கையெழுத்து வாங்கிவரும்படி கல்லூரி அலுவலகம் திருப்பியனுப்ப இடமுண்டு. 21 வயது நிரம்பாத மாணவன் மது அல்லது போதைப்பொருள் விதியை மீறினால் வீட்டாருக்குத் தெரிவிக்கலாம் என்ற அனுமதி 1998-இல் வந்து சேர்ந்தது.