கோப்பு முறைமை ஜர்னல்: ரேஸ் பிழைகளும் திருத்தங்களும்

வட்டில் செய்யப்போகும் மாற்றங்களை உரிய இடத்தில் எழுதுவதற்கு முன் தனிப் பகுதியொன்றில் பதிந்துவைக்கும் ஏற்பாடு கோப்பு முறைமை ஜர்னல் எனப்படும். மின்சாரம் போய்க் கணினி நின்றாலும், மறுபடி இயங்கும்போது இந்தப் பதிவைப் படித்து முழுமை பெற்ற மாற்றங்களை நிறைவேற்றலாம். பாதியில் நின்றவற்றைக் கைவிடலாம். ஜர்னலை நடத்தும் நிரலுக்குள் ஒரே நேரத்தில் பல திரெட்டுகள், அதாவது தனித்தனி இயக்க இழைகள், புகுந்து வேலை செய்யும். எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறினால் அதுவே ரேஸ் பிழை. இப்பிழைகளைத் திருத்திய வரலாறு பெரும்பாலும், ஒரு திரெட் வேலை செய்யும்போது மற்றவற்றைத் தடுத்துவைக்கும் பூட்டுகளைப் பிரித்த வரலாறாகவே இருக்கிறது. வேகத்துக்காக ஒரு பெரிய பூட்டை உடைக்கும்போதெல்லாம் அந்தப் பூட்டு மறைத்துவைத்திருந்த ரேஸ்கள் வெளியே வந்தன. இத்துறையின் கோட்பாட்டு அடித்தளத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவரின் பங்கு முதன்மையானது.

அடிப்படை

ராஜபாளையத்தில் நூல் வியாபாரம் செய்யும் கடையில் அன்றாட வரவுசெலவு முதலில் குறிப்பேட்டில் ஏறும்; பிறகுதான் பேரேட்டில் அந்தந்தக் கணக்கில் எடுத்தெழுதப்படும். எடுத்தெழுதும் வேலை இடையில் தடைப்பட்டாலும் குறிப்பேடு இருக்கும்வரை கணக்கை மீட்டுவிடலாம். ஆனால் ஒருவர் ஒரு வரியைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதே வரியை அடித்துத் திருத்தினால், குறிப்பேடு இருந்தும் பயனில்லை. ஜர்னல் நிரலில் நேரும் ரேஸ் பிழையும் இத்தகையதே.

கோப்பை உருவாக்குவது, பெயர் மாற்றுவது, நீக்குவது ஆகிய ஒவ்வொன்றும் வட்டின் பல தொகுதிகளைத் தொடும். லினக்ஸின் கோப்பு முறைமைகளான எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஆகியவற்றில் இப்படிப்பட்ட பல செயல்கள் ஒரே பரிவர்த்தனையாகத் திரட்டப்பட்டு, வழக்கமாக 5 நொடிக்கு ஒருமுறை, தனித் திரெட் ஒன்றால் கமிட் செய்யப்படுகின்றன, அதாவது ஜர்னலில் எழுதி முடிக்கப்படுகின்றன. கமிட் நடக்கும்போதும் மற்ற திரெட்டுகள் காத்திருப்பதில்லை. அடுத்த பரிவர்த்தனையைத் தொடங்கிவிடுகின்றன. பழைய பரிவர்த்தனை எழுதிக்கொண்டிருக்கும் அதே தொகுதியைப் புதியது திருத்த வந்தால், பழைய உள்ளடக்கத்தின் நகல் ஒன்றைத் தனியே உறையவைத்துவிட்டு மூலத்தைப் புதியதற்குக் கொடுப்பது விதி. ரேஸ் பிழைகளில் பல இந்தக் கைமாற்றும் தருணத்தில்தான் நேர்ந்திருக்கின்றன.

ஏரீஸும் தொடக்க கால ஜர்னல்களும்

முதலில் பதிவு, பிறகு மாற்றம் என்ற முறை தரவுத்தளத் துறையில் பிறந்தது. அதைத் தெளிவான இலக்கணமாக வகுத்தது, ஏரீஸ் என அறியப்படும் 1992ஆம் ஆண்டுக் கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன். 1955இல் தமிழ்நாட்டில் பிறந்த இவர், சென்னை ஐஐடியில் படித்து 1977இல் அமெரிக்கா சென்றார். 1981இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று ஐபிஎம்மின் அல்மடென் ஆய்வகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றினார். ஒவ்வொரு தரவுப் பக்கத்திலும் அதைக் கடைசியாக மாற்றிய பதிவின் வரிசை எண்ணைக் குறித்துவைப்பது, மீட்பின்போது நடந்த வரலாற்றை அப்படியே திரும்ப நடத்திவிட்டுப் பிறகு முடிவடையாதவற்றை மட்டும் பின்வாங்குவது ஆகியவை ஏரீஸின் மையக் கருத்துகள்.

ரேஸ் பிழைகளைப் பொறுத்தவரை ஏரீஸ் வலியுறுத்திய இன்னொன்றும் முக்கியமானது. பரிவர்த்தனை முடியும்வரை பிடித்திருக்கும் பூட்டு வேறு. நினைவகத்திலுள்ள பக்கம் குலையாமலிருக்கக் கணநேரம் மட்டும் பிடிக்கும் லாட்ச் வேறு. பின்னாளில் கோப்பு முறைமை நிரலாளர்கள் சந்தித்த பிழைகளில் பல, இந்த இரண்டாம் வகையை எப்போது விடுவது என்பதைப் பற்றியவை.

கோப்பு முறைமைகளில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் சீடர் 1987இலேயே பதிவு முறைக்கு மாறியிருந்தது. ஐபிஎம்மின் ஜேஎஃப்எஸ் 1990இலும், மைக்ரோசாஃப்டின் என்டிஎஃப்எஸ் 1993இலும், சிலிக்கன் கிராஃபிக்ஸின் எக்ஸ்எஃப்எஸ் 1994இலும் வந்தன.

லினக்ஸில்: ஒற்றைப் பூட்டிலிருந்து பல பூட்டுகளுக்கு

லினக்ஸின் எக்ஸ்ட்2 கோப்பு முறைமைக்கு ஜர்னல் சேர்க்கும் திட்டத்தை ஸ்டீபன் ட்வீடி 1998இல் வெளியிட்டார். அது எக்ஸ்ட்3 என்ற பெயரில் 2001 நவம்பரில் லினக்ஸ் 2.4.15இல் இணைந்தது. அதன் ஜர்னல் அடுக்கான ஜேபிடி, இயக்க முறைமையின் மையமான கர்னல் முழுமைக்குமான பெரும்பூட்டையும் ஜர்னல் முழுமைக்குமான ஒரே பூட்டையும் நம்பியிருந்தது. ஒரு நேரத்தில் ஒருவருக்கே உள்ளே இடம் என்பதால் ரேஸ் பிழைகள் அரிதாகவே தலைகாட்டின. ஆனால் பல செயலிகள் கொண்ட கணினிகளில் ஒரு செயலி உள்ளே இருக்க மற்றவை வரிசையில் நின்று நேரத்தை வீணாக்கின.

2003இல் 2.5 வளர்ச்சித் தொடரில் அந்த ஏற்பாடு கலைக்கப்பட்டது. ஜர்னலின் நிலைக்கு ஒரு பூட்டு, பஃபர் (வட்டுத் தொகுதியின் நினைவக நகல்) பட்டியல்களுக்கு ஒன்று, பரிவர்த்தனைக்கு ஒன்று, ஒவ்வொரு பஃபருக்கும் ஒரு பிட் அளவிலான பூட்டு எனப் பிரிக்கப்பட்டன. எதை முதலில் பிடிக்க வேண்டும், எதை அதற்குள் பிடிக்கலாம் என்ற வரிசை நிரலின் தலைப்புக் கோப்பிலேயே எழுதிவைக்கப்பட்டது. அவ்வரிசை மீறப்பட்டால் இரு திரெட்டுகள் ஒன்றுக்கொன்று காத்துக்கிடக்கும் டெட்லாக் நேரலாம். பூட்டை முன்கூட்டியே விட்டால் ரேஸ். ஜேபிடி பராமரிப்பாளர்களின் வேலை அதன் பிறகு இவ்விரண்டுக்கும் நடுவிலேயே நடந்தது.

இரண்டு திருத்தங்கள்

2008இல் ஐபிஎம்மின் மிங்மிங் காவ் சரிசெய்த பிழை ஒன்று. கமிட் செய்யும் திரெட் ஒரு தரவு பஃபரைப் பற்றிக்கொண்டு அது வட்டில் இறங்கக் காத்திருக்கும். அதே நேரத்தில் நினைவகத்தைத் தாண்டி நேரடியாக வட்டில் எழுத வந்த நிரல், அந்த பஃபரை விடுவிக்கக் கேட்கும். விடுவிக்க முடியாததைக் கர்னல் தோல்வியாக எடுத்துக்கொண்டு பயனருக்கு உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று அறிவிக்கும். வட்டில் எந்தக் கோளாறும் இருக்காது. காத்திருக்க இசைவுள்ள அழைப்பாக இருந்தால் கமிட் அந்தத் தரவை இறக்கி முடிக்கும்வரை பொறுத்து, மறுபடி முயல வைத்தது திருத்தம்.

2009இல் 2.6.31க்கு வந்த திருத்தம் இதைவிட நுட்பமானது. மேல்தரவு (கோப்புகளைப் பற்றிய விவரங்கள்) அடங்கிய பஃபரை ஜர்னலில் எழுதத் தயார் செய்யும் செயல்கூறு, அதன் பூட்டைச் சற்று முன்னதாகவே விட்டுவிட்டது. அந்த இடைவெளியில் இன்னொரு திரெட் எழுத்து உரிமை பெற்று, பஃபரைத் திருத்திவிடலாம். அடுத்த பரிவர்த்தனைக்குரிய உள்ளடக்கம் இந்தப் பரிவர்த்தனையின் பதிவில் ஏறிவிடும். அடுத்த கமிட் நல்லபடியாக முடிந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. அதற்குள் கணினி நின்றுபோனால் மட்டுமே கோப்பு முறைமை கெடும். ரேஸும் மின்தடையும் ஒருங்கே நேர வேண்டியிருந்ததால் சோதனைகளில் இது எளிதில் சிக்கக்கூடியதல்ல. பூட்டைச் சில வரிகள் தள்ளி விடுவித்ததே தீர்வு.

2010இல் கர்னல் நிரலாளர் தியடோர் சோ, எக்ஸ்ட்4இன் ஜர்னல் அடுக்கான ஜேபிடி2வின் நிலைப் பூட்டைப் படிப்போர் பலர் ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடியதாக மாற்றி, சில எண்ணிக்கைகளை, இடையில் குறுக்கிட முடியாத அணுச் செயல்களுக்கு நகர்த்தினார். பஃபர்களின் பிட் பூட்டுகள் 5.5 பதிப்பில் முறையான ஸ்பின்லாக்குகளாயின. கர்னலின் சோதனைக் கருவிகளால் பிட் பூட்டைக் கண்காணிக்க முடியாததும் அதற்கு ஒரு காரணம்.

கண்டறியும் கருவிகள்

பூட்டு வரிசை மீறலை இயங்கும்போதே சுட்டிக்காட்டும் லாக்டெப் 2006இல் கர்னலில் சேர்ந்தது. டெட்லாக் உண்மையில் நேரும்வரை அது காத்திருப்பதில்லை. வரிசை ஒருமுறை தவறினாலே எச்சரிக்கும். பூட்டில்லாமல் ஒரே மாறியை இருவர் தொடுவதைக் கண்டுபிடிக்கும் கேசிசான் 2020இல் 5.8 பதிப்பில் வந்தது. அது ஜேபிடி2விலும் தரவு ரேஸ்களைக் காட்டிக்கொடுத்தது. அவற்றில் சில வேண்டுமென்றே பூட்டின்றிப் படிக்கப்பட்டவை. கம்பைலர் அந்த வாசிப்பைக் கலைத்துவிடாதபடி குறியிட்டால் போதுமாக இருந்தது.

2013இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு, ஆறு லினக்ஸ் கோப்பு முறைமைகளில் எட்டாண்டுகளில் வந்த 5,079 திருத்தங்களை ஆராய்ந்தது. பிழை திருத்தங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ரேஸ், டெட்லாக் போன்ற ஒருங்கியக்கப் பிழைகளைச் சார்ந்தவை.

வரிசைச் சிக்கல் நினைவகத்தில் மட்டுமல்ல, வட்டில் எழுதும்போதும் உண்டு. அதே பல்கலைக்கழகக் குழுவில் விஜயன் பிரபாகரனும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் முன்வைத்த பரிவர்த்தனைச் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை, பின்னர் எக்ஸ்ட்4இல் இடம்பெற்றது. பதிவுத் தொகுதிகளும் கமிட் தொகுதியும் எந்த வரிசையில் வட்டில் விழுந்தாலும், முழுமையாக விழுந்தனவா என்பதை அது சொல்லிவிடும். விஜய் சிதம்பரம் முதல் ஆசிரியராக இருந்த 2013ஆம் ஆண்டு ஆய்வு, எழுதும் வரிசையையும் நிலைப்படுத்துவதையும் பிரித்துக் கையாளும் முறையைத் தந்தது. தாணுமாலயன் பிள்ளை முதல் ஆசிரியராக 2014இல் வந்த ஆய்வு, கோப்பு முறைமை காக்காத வரிசையை நம்பி எழுதப்பட்ட பயன்பாடுகளைச் சோதித்தது. 11 பயன்பாடுகளில் 60 பலவீனங்கள் அகப்பட்டன. நினைவகத்தில் வரிசையைக் காப்பது பூட்டு; வட்டில் காப்பது, முந்தியது இறங்கும்வரை பிந்தியதை நிறுத்தும் தடுப்பு ஆணையும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையும். ஒன்றைச் சரிசெய்து மற்றதை விட்டால் ஜர்னல் இருந்தும் தரவு கெடலாம்.

தமிழ்நாட்டில்

2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட அது எக்ஸ்ட் குடும்பக் கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் உட்பட மாநிலமெங்கும் அரசுப் பள்ளி மாணவர் கைக்கு எக்ஸ்ட் ஜர்னல் வந்து சேர்ந்த ஒரு வழி அது. ராஜபாளையத்தில் வேர்கொண்ட ராம்கோ குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான ராம்கோ சிஸ்டம்ஸ், சென்னையிலிருந்து நிறுவன மேலாண்மை மென்பொருள்களை உருவாக்குகிறது. அத்தகைய மென்பொருள்களுக்குக் கீழே தரவுத்தளத்தின் பதிவு ஒன்று, கோப்பு முறைமையின் ஜர்னல் மற்றொன்று என இரண்டு அடுக்குகள் இயங்குவது வழக்கம்.

இன்றைய நிலை

2020 டிசம்பரில் வெளியான 5.10 பதிப்பில் எக்ஸ்ட்4க்கு விரைவு கமிட் வசதி வந்தது. முழுப் பரிவர்த்தனையையும் எழுதாமல், மாறிய விவரத்தை மட்டும் சுருக்கமாகப் பதியும் முறை இது. வழக்கமான கமிட்டும் விரைவு கமிட்டும் ஒரே ஜர்னலைப் பகிர்வதால் புதிய ரேஸ்கள் தோன்றி, அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்தங்கள் வந்தன. எந்தப் பூட்டை எவ்வளவு நேரம் பிடிப்பது என்ற கேள்விக்கு 2003இல் எழுதப்பட்ட விடை, ஒவ்வொரு புதிய வேகமுறையோடும் திருத்தி எழுதப்பட்டுவருகிறது.