தும்பையும் நொச்சியும்: ஒரே குடும்பமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் தரிசெல்லாம் தும்பை பூக்கும். முழங்கால் உயரச் செடி. வெயில் ஏறினால் காய்ந்துபோகும். நொச்சியோ ஓடையோரத்திலும் கண்மாய்க் கரையிலும் ஆளுயரத்துக்கு மேல் புதராக நின்று கோடையைத் தாங்கும். ஆடு கடிக்காது என்று வேலிக்கும் வைப்பார்கள். பார்வைக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் தாவரவியல் இன்று இரண்டையும் லேமியேசி என்னும் புதினாக் குடும்பத்தில் சேர்க்கிறது. சேர்த்தது சரி என்பதே என் கருத்து.

லூக்காஸ் பேரினத்துத் தும்பையின் குடும்பம் பற்றி ஐயமே எழுந்ததில்லை. நான்கு பட்டைத் தண்டு, எதிரெதிர் இலை, உதடாகப் பிரிந்த பூ. சூலகம் நான்காகப் பிளந்திருக்கும். சூல்தண்டு அவற்றின் நடுவே அடியிலிருந்து எழும். வைடெக்ஸ் பேரினத்து நொச்சிக்கும் உதடு பிரிந்த பூதான், நான்கு மகரந்தத் தாள்கள்தான். சூலகம் மட்டும் பிளவுபடாத உருண்டை. சூல்தண்டு அதன் உச்சியில் நிற்கும். பெரும்பாலும் இதைக் கொண்டே நொச்சியையும் தேக்கையும் வெர்பினேசி என்ற வேறு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிளும் அப்படித்தான் பிரித்தார்.

அந்தப் பிரிவினையை உலுக்கியது தாவரவியலாளர் பிலிப் கான்டினோ 1992-இல் வெளியிட்ட ஆய்வு. பின்னர் மரபணு ஆய்வுகளும் அவர் பக்கம் நின்றன. அடியிலிருந்து எழும் சூல்தண்டு, புதினாவும் துளசியும் உள்ள கிளையில் ஒருமுறையும் தும்பையின் கிளையில் இன்னொருமுறையும் தனித்தனியே தோன்றியது என்பதே இப்போதைய முடிவு. இருமுறை தோன்றிய ஒன்றை வேலியாக வைத்து நொச்சியை வெளியே நிறுத்த முடியாது. நம்பத்தக்க அடையாளம் இன்னும் உள்ளே இருக்கிறது: வெர்பினேசியில் சூல்கள் சூலிலையின் விளிம்பிலேயே ஒட்டியிருக்கும், தும்பையிலும் நொச்சியிலும் விளிம்பை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். கண்மாய்க் கரையில் படரும் பொடுதலையும் முட்புதராய் நிற்கும் உண்ணிச்செடியும் இன்றும் வெர்பினேசியில்தான் இருக்கின்றன.

தமிழ் இலக்கணத்தின் புறத்திணைகளிலும் தும்பையும் நொச்சியும் அருகருகே வருகின்றன. தும்பைத் திணை எதிர்நின்று பொரும் போர்; நொச்சித் திணை மதில் காப்பு. தொல்காப்பியம் நொச்சியை, மதிலை முற்றுகையிடும் உழிஞைத் திணைக்குள் அடக்கியது; புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணை ஆக்கியது.

பள்ளியில் புதினாக் குடும்பத்தை நடத்தும் ஆசிரியர்களே, மழைக்குப் பின் பிள்ளைகளைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போங்கள். நொச்சியின் இளங்கொம்பையும் தும்பைத் தண்டையும் விரலுக்கிடையே உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் நான்கு பட்டை தட்டுப்படும்.